என் நாற்காலிக்கு ஒரு நேர்காணல்

சென்ற ஆண்டு கத்திரி வெயில் ஓய்ந்து, மழை வருமா வராதா என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் இது நடந்தது. இடம், அடையாற்றைத் தாண்டிப் போனால் வருகிற ஓர் அரசு ஆய்வுக்கூடம். எந்த உலோகம் எவ்வளவு தாங்கும், எது ஏன் உடையும் என்றெல்லாம் பார்க்கிற இடம். பெயர் வேண்டாம். நான் அங்கே சில வருடங்கள் ஒப்பந்த ஊழியராக இருந்தேன்.

ஒப்பந்தம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த ப்ராஜெக்ட் வந்தால் புதிதாக விளம்பரம் கொடுப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களோடு நாமும் வரிசையில் உட்கார்ந்து நேர்காணலுக்குப் போக வேண்டும். காலை வரைக்கும் நான் உட்கார்ந்து வேலை பார்த்த அதே நாற்காலிக்கு, மதியம் நானே சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். பழகிவிட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கமாக ஒரு வருட ப்ராஜெக்ட்தான் வரும். இது மூன்று வருடம். கிடைத்தால் மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை. கிடைக்காவிட்டால் மந்தைவெளியில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே எங்கேயாவது போக வேண்டியதுதான். கணவரின் சம்பளம் வாடகைக்கும் காணாது, மகளின் பள்ளிக்கும் காணாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் ஒரு சந்தேகப் பேர்வழி. ஆட்டோ குறுக்குச் சந்தில் திரும்பினாலே செல்போனில் மேப்பைத் திறந்துவிடுவேன். காய்கறிக்காரர் கேட்காமலே கறிவேப்பிலை கொசுறு போட்டால், அடியில் இருக்கும் தக்காளியைப் புரட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட எனக்கு அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

அதில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. தொழிற்சாலையில் உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்திய அனுபவம் இருந்தால் முன்னுரிமை என்று. என்னிடம் இல்லாதது அது ஒன்றுதான். படித்து முடித்ததும் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தவள் நான். தொழிற்சாலை வாசலை மிதித்ததே இல்லை. வெளியே இருப்பவர்கள் இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்த்தால், "ஆள் ஏற்கெனவே செட், கண்துடைப்புக்கு விளம்பரம்" என்பார்கள். நானும் மற்ற இடங்களைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது உள்ளே இருந்துகொண்டே, யாரோ ஓர் ஆளை செட் பண்ணிவிட்டார்கள், அது நான் இல்லை என்று நினைக்க ஆரம்பித்தேன்.

நினைக்க ஆரம்பித்தால் ஆதாரத்துக்கா பஞ்சம்? எங்கள் ப்ராஜெக்ட் தலைவரான விஞ்ஞானி, எங்களுக்கெல்லாம் 'சார்', இரண்டு முறை நான் அறைக்குள் போனதும் போனை வைத்தார். அடுத்த வருடம் என்னென்ன செய்யலாம் என்று வழக்கமாக என்னிடம் பேசுவார், அந்த முறை பேசவில்லை. நேர்காணலன்று பார்த்து எங்கள் டெக்னீஷியன் அண்ணன் லீவு போட்டார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வீட்டில் சொன்னதற்கு என் கணவர், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேர்காணலன்று காலையிலேயே உலையில் பிளேடுகளைப் போடச் சொன்னார் சார். அது எங்கள் கூட்டு ஆய்வின் வேலை. தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் இயந்திரத்துக்கு பிளேடு செய்கிற கிண்டிப் பக்கத்துச் சின்ன கம்பெனி ஒன்று எங்களோடு சேர்ந்திருந்தது. அவர்கள் பிளேடு சீக்கிரம் மழுங்குகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும். புது எஃகில் அவர்கள் வெட்டிக் கொடுத்ததில் மிச்சம் இருந்தது கையளவு பிளேடுகள்தான். மறுநாள் கம்பெனிக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"பேர் வரிசைப்படிதான் கூப்பிடுவாங்க. உன் பேரு கடைசிலதான் வரும். காலைல போட்டுட்டா, எடுத்துட்டு நிதானமா வரலாம்மா" என்றார் சார். எனக்கு அந்த 'நிதானமா' பிடிக்கவே இல்லை. ஆனாலும் போட்டேன்.

இந்த வேலை இட்லி அவிப்பது மாதிரிதான். உலை குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும், உள்ளே இருக்கும் எஃகு முழுக்க அந்தச் சூட்டில் ஊற நேரம் கொடுக்க வேண்டும். பிறகு நீளமான இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்து, நொடி தாமதிக்காமல் எண்ணெயில் போட வேண்டும். சீக்கிரம் எடுத்தால் உள்ளே வேகாது, பிளேடு மெத்தென்று இருக்கும். ரொம்பத் தாமதித்தால் உடைகிற சாதியாகிவிடும். நடுவில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

வராந்தாவில் கூட்டம் சேர்ந்திருந்தது. எல்லாரும் ஃபைலும் கையுமாக, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேன்டீன் அம்மா டீ கொண்டுவந்து வழக்கம்போல எனக்கு முதலில் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு உலை அறைக்குப் போனேன். அங்கே ஒருத்தி கதவுக்கு உள்ளே தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது குறைந்தவள். கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள்.

"இங்க எல்லாம் வரக்கூடாதும்மா" என்றேன்.

"ஆயில் வாசனை வந்துச்சுக்கா, அதான் பாத்தேன். ஃபர்னஸ் ஓடிக்கினு கீதா?" என்றாள். பட்டினப்பாக்கம் பெண். படித்துவிட்டு அம்பத்தூரில் உலோகத்தைப் பதப்படுத்தும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தாளாம். விளம்பரத்தில் சேர்ந்திருந்த அந்தப் புது வரி, துப்பட்டா போட்டுக்கொண்டு என் எதிரில் நின்றது.

அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனாள். என்ன எஃகு, எவ்வளவு சூடு, எப்போது எடுப்பீர்கள். நான் பிடி கொடுக்காமல் பதில் சொன்னேன். கடைசியில், "தெர்மோகப்பிள் எங்க நிக்குது? பின்னாடி சுவத்து ஓரமா?" என்று கேட்டாள்.

உலைக்குள் இருந்து சூட்டைப் பார்த்துச் சொல்கிற கம்பிக்குத்தான் அந்தப் பெயர். அது எங்கே இருந்தால் இவளுக்கென்ன? வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். "பின்னாடிதான்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அலுவலக உதவியாளர் ஓடி வந்தார். "இன்னாம்மா இங்க நிக்கிற? உன்னியதான் மொதல்ல கூப்புடுறாங்க. வெளிய இருந்து வந்த எக்ஸ்பர்ட்டு சீக்கிரம் கெளம்பணுமாம். உள்ள வேல செய்றவங்கள மொதல்ல முடிச்சிரலாம்னுட்டாங்க."

பிளேடை எடுக்க இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்றேன். "அதெல்லாம் ஆவாதும்மா, நீ வரலன்னா ஆப்சென்ட்டுன்னு போட்டுருவாங்க" என்றார். சாரிடம் கேட்கலாம் என்றால் அவரும் நேர்காணல் குழுவில் உள்ளே உட்கார்ந்திருந்தார். டெக்னீஷியன் அண்ணன் லீவு. உலையை அணைத்தால் கடைசி பிளேடுகள் பாழ். அணைக்காமல் போனாலும் பாழ். எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

"நீங்க போங்கக்கா. டைம் சொல்லுங்க, நான் எடுத்து ஆயில்ல போட்டுடறேன்" என்றாள் அவள்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது என்பார்களே, அதுதான். வேறு வழியில்லாமல் நேரத்தைச் சொன்னேன். கையுறையையும் இடுக்கியையும் காட்டினேன். அதோடு நிறுத்தினேனா என்றால் இல்லை. செல்போனை எடுத்து உலையின் மீட்டரைப் படம் பிடித்தேன். நாளைக்கு ஏதாவது ஆனால் சாட்சி வேண்டாமா?

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "என்னையும் சேத்து எடுங்கக்கா" என்று சிரித்தாள். "எதுக்கு பயப்படுறீங்க? ஆள் நீங்கதான்னு வராண்டாவுல எல்லாருக்கும் தெரியும். டீயே மொதல்ல உங்களுக்குத்தான் வருது. நான் சும்மா இந்த லேபைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

இதுவும் ஒரு தந்திரம் என்றுதான் நினைத்தேன்.

நேர்காணலில் என்ன பதில் சொன்னேன் என்பது பாதி நினைவில்லை. வாய் பேசிக்கொண்டிருந்தது, மனம் உலை அறையில் இருந்தது. குழுவில் நடுவில் உட்கார்ந்திருந்த வெளி நிபுணர் வயதான பேராசிரியர். என் தவிப்பைப் பார்த்து, "ஏம்மா, வாசலையே பாக்கறீங்க?" என்று கேட்டார். உலையில் சாம்பிள் இருக்கிறது என்றேன். சார் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப யார் பாத்துக்கறாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு எதுவும் தோன்றவில்லை. "வெளிய உக்காந்திருந்த இன்னொரு கேண்டிடேட், சார்" என்றேன்.

பேராசிரியர் சிரித்தார். "போட்டிக்கு வந்தவங்ககிட்டயா? அவங்களுக்கு இந்த வேலை தெரியும்னு எப்படி நம்பினீங்க?"

நான் நம்பவே இல்லை, அதுதான் உண்மை. அதைச் சொல்ல முடியாமல், கையில் கிடைத்ததைச் சொன்னேன். "பட்டறையில வேலை பாத்திருக்காங்க சார். தெர்மோகப்பிள் எங்க நிக்குதுன்னு கேட்டாங்க."

"அப்படியா கேட்டாங்க?" என்றார் அவர். பேனாவை எடுத்து எதிரில் இருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு அதன் அர்த்தம் பிடிபடவில்லை. எப்போது விடுவார்கள் என்றுதான் இருந்தது.

விட்டதும் ஓடினேன். நான் சொன்ன நேரம் அப்போதுதான் தாண்டியிருந்தது. உலைக் கதவு மூடியே இருந்தது. எண்ணெய்த் தொட்டியில் ஒன்றுமில்லை. அவள் கையுறை மாட்டிக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் எடுக்கல?" என்று கத்தியே விட்டேன்.

"நடுவுல ஒருவாட்டி கரண்ட் போய் வந்துச்சுக்கா. சூடு எறங்கிப்போச்சு. இப்ப மீட்டர் சரியாத்தான் காட்டுது, ஆனா அது பின்சுவத்து சூடு. முன்னாடி கெடக்கிற பிளேடு இன்னும் பின்தங்கித்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்து எடுங்க."

மீட்டரைப் பார்த்தேன். காலையில் வைத்த சூட்டையே காட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போனதாம். நான் உட்கார்ந்திருந்த அறையில் விளக்கு இமைக்கக்கூட இல்லையே! பிளேடைக் கருக வைத்து, சார் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. வராந்தாவில் யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் போட்டியாளர்கள். அவர்களில் யாரை நம்புவது?

அதற்குள் உதவியாளர் மறுபடி வந்து அவளை அழைத்தார். பெயர் வரிசையில் அவள்தான் முதலாம். அவள் கையுறையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "அவசரப்பட்டு எடுத்துடாதீங்கக்கா" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே போனாள்.

நான் உலைக்கு முன்னால் தனியாக நின்றேன். என் கணக்குப்படி இப்போதே எடுக்க வேண்டும். அவள் சொல்படி காத்திருக்க வேண்டும். அவள் சொல்வது பொய்யாக இருந்து நான் காத்திருந்தால் எல்லாம் போச்சு. உண்மையாக இருந்து நான் எடுத்தால் அதுவும் போச்சு. ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதற்கு அப்போது ஒரு வழிதான் தோன்றியது. கதவைத் திறந்து பாதி பிளேடுகளை மட்டும் எடுத்து எண்ணெயில் போட்டேன். மீதியை உள்ளேயே விட்டு, அவள் சொன்ன மாதிரி பொறுத்திருந்து எடுத்தேன். இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்தேன். ஒரு தட்டு என் கணக்கு. இன்னொரு தட்டு அவள் பேச்சு.

மதியம் சாப்பிடப் போகாமல் கடினத்தன்மை சோதனை செய்தேன். ஒரு முனையை பிளேடில் அழுத்தி, எவ்வளவு பதிகிறது என்று பார்ப்பது. என் தட்டில் இருந்தவை சொதப்பல். ஒரே பிளேடிலேயே ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேறு மாதிரி. அவள் தட்டில் இருந்தவை ஒன்று போல, அத்தனையும் நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்திருந்தன. நம்பாமல் மறுபடியும் பார்த்தேன். எந்திரத்தைச் சந்தேகப்பட்டு, அதைச் சரிபார்க்க வைத்திருக்கும் எஃகுத் துண்டையும் போட்டுப் பார்த்தேன். எந்திரம் சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் பிடிக்க வந்த உதவியாளரிடம், காலையில் கரண்ட் போனதா என்று கேட்டேன். "போச்சேம்மா, ஃபேன் நின்னு வராண்டாவே வெந்துபோச்சு. இன்டர்வியூ ரூமு மட்டும் ஜெனரேட்டர்ல கீது, உங்களுக்கு எப்டி தெரியும்?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது, இவ்வளவு தெரிந்தவள் உள்ளே போய் என்ன பேசியிருப்பாள் என்று.

இரண்டு தட்டையும் கொண்டுபோய் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நன்றாக வந்த பிளேடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பாதியாவது பொழைச்சுதே. நாளைக்கு கம்பெனிக்காரங்ககிட்ட இதைக் குடுத்துடலாம்" என்றார். அவர் முகத்தில் எதையாவது படிக்க முடிகிறதா என்று நின்று பார்த்தேன். முடியவில்லை.

முடிவு இரண்டொரு நாளில் வந்தது. வேலை அவளுக்கு. நான் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள்.

அன்றைக்கு பஸ்ஸில் அடையாறு பாலம் ஏறியதிலிருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்கும் அளவுக்கு அழுதேன். வீட்டுக்குப் போய், "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, ஆள் செட்டுன்னு" என்றேன் கணவரிடம். அவரும் அன்றைக்குப் பழமொழி எதுவும் சொல்லவில்லை.

அவள் வேலைக்குச் சேர வந்த அன்று, உலையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. எந்தக் கீல் இறுகும், எந்த சுவிட்சை இரண்டு முறை அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணு புரியல. நான் உள்ள போய் உக்காந்ததுமே அந்தப் பெரியவரு, 'தெர்மோகப்பிள் எங்கன்னு கேட்டது நீதானா, ஏன் கேட்டே'ன்னாரு. அத வச்சே ரொம்ப நேரம் பேசினோம். வேற எதையும் பெருசா கேக்கல. நான் கேட்டது அவருக்கு எப்படித் தெரியும்?"

பேராசிரியர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை பேரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்!

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

இப்போது அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் தக்காளியைப் பார்க்கிற பார்வை அது. "எதுக்கு சொன்னீங்க? எனக்கோசரமா?"

"உனக்காக எல்லாம் இல்லம்மா. கேட்டார், வாயில வந்துடுச்சு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் வந்தது. கண்ணிலும் கொஞ்சம் வந்தது, அதை உலையின் சூட்டின் மேல் போட்டுவிட்டேன்.

பிறகு கிண்டி கம்பெனிக்காரர்கள், ஆய்வுக்கூட வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடியபோது எனக்கு அங்கே இடம் கிடைத்தது. முன்னைப்போல சொகுசு இல்லை, சத்தமும் புழுதியும் அதிகம். ஆனாலும் மந்தைவெளி வீட்டை விடவில்லை. பிளேடுகளைச் சோதிக்க மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன். அவள்தான் உலையைப் பார்த்துக்கொள்கிறாள். சார் அப்போது என்னைக் கண்டதும் ஏன் போனை வைத்தார் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை, அந்தச் சந்தேகத்தை விடவும் இல்லை.

ஒருமுறை அங்கே கேன்டீனில் பழைய சகாக்களோடு உட்கார்ந்திருந்தபோது பேச்சு அவளைப் பற்றித் திரும்பியது. "உள்ள இருந்த உன்னையே தூக்கிட்டு வெளியாளுக்குக் குடுத்திருக்காங்கன்னா சும்மாவா? யாரோ பெரிய எடத்து சிபாரிசு" என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். "ஆமா, சிபாரிசுதான். பண்ணினது நான்" என்றேன். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள், ஒருவர்கூட நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இப்போதும் யாராவது "ஆள் ஏற்கெனவே செட்" என்று அடித்துச் சொல்லும்போது நான் பேசாமல் எழுந்து போய்விடுகிறேன், ஏனென்றால் அந்த மூடிய கதவுக்குப் பின்னால் அன்று என்ன முடிவானது என்பது, உள்ளே உட்கார்ந்து அதற்கான வார்த்தையைச் சொன்ன எனக்கே தெரிந்திருக்கவில்லை.